உடுப்பு வாங்க வராதவர்கள்

நான், எங்களை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக்கார அண்ணாச்சி, ஒரு போலீஸ்காரர், தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்த பத்திரிகை நிருபர். அன்று சாயங்காலம் ஐந்தருவி எண்ணெய்க் கொட்டகையில் இருந்தது இவ்வளவு பேர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, ஆடி மாதச் சீசன்.

அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். தேய்த்துக்கொள்கிறவர் வேட்டி சட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு குளிக்கப் போவார். திரும்பி வந்து வாங்கிக் கட்டிக்கொள்வார். அதுவரை அந்த உடுப்புக்கு நாங்கள் பொறுப்பு.

அன்று மத்தியானம் மலைமேல் பெருமழை. காட்டுவெள்ளம் மரக்கட்டையை இழுத்துக்கொண்டு இறங்கியது. எல்லோரும் அலறியடித்துக் கரையேறினார்கள். பாறை இடுக்கில் ஓர் உடல் கிடைத்தது. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், என் கொடியில் மூன்று பேர் உடுப்பு தொங்கியது. ஒன்று இறந்தவருடையது. மற்ற இரண்டு பேர் வரவேயில்லை.

அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, செத்தது ஒருத்தன். நிருபர் கேட்டா அதைச் சொல்லு, போதும்."

"மூணு பேரு உடுப்பு இருக்கே அண்ணாச்சி."

"பயந்து ஓடியிருப்பானுவ."

"கோவணத்தோடயா? பஸ்ஸுல ஏத்துவானா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி முறைத்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மூணுன்னு பேப்பர்ல வந்தா நாளைக்கு எவம்லே குளிக்க வருவான்? ஊரே இந்த ரெண்டு மாசத்தை நம்பித்தான் கஞ்சி குடிக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் அதே கஞ்சிதான்.

நிருபர் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னா எழுதுவேன். பேரைப் போட மாட்டேன். ஆனா சொன்னது யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும். ஆளு பேரு எனக்குத் தெரியாது. உடுப்பு எப்படின்னு எழுதுங்க."

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் பேப்பரில் வந்தது.

அருவிக்கரை வெறிச்சோடியது. டீக்கடைக்காரர் எனக்கு டீ தரமாட்டேன் என்றார். அண்ணாச்சி என் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வைத்தார். வராத இரண்டு பேர் உடுப்பையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நிருபரையும் விடவில்லை. லாட்ஜ்காரர்கள் பத்திரிகைக்குப் புகார் எழுதிப் போட்டார்கள். அவர் வேலை போயிற்று.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் தம்பியோடு மேலகரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். சாத்தூர்ப் பக்கம். கையில் பேப்பர். நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தேன். காலர் பொத்தானைத் தடவிப் பார்த்தார். அதற்கு மட்டும் வேறு நிறப் பொத்தான்.

"நான் தைச்சது" என்றார். சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது ஆளைக் கேட்டு யாரும் வரவில்லை. அந்த வேட்டி சட்டையைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தேன். கேட்க ஆள் இல்லாததால் அவர் சர்க்கார் கணக்கில் ஏறவில்லை.

அப்புறம் எனக்கு அருவியில் இடமில்லை. ஆலங்குளம் சந்தையில் மூட்டை தூக்கினேன். முதுகு போயிற்று. ஏன்டா சொன்னோம் என்று அலுப்பு வந்த நாட்களும் உண்டு. ஆனாலும் இன்று யார் வந்து கேட்டாலும் அன்று சொன்னதைத்தான் சொல்வேன்.

மூன்று பேர்.