சனிக்கிழமை கொழும்பில் ஏவுகிறோம்

அருந்ததிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதிப்பவள். ஆனால் தொழில்நுட்பச் செய்தியைத் தமிழில் சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்பாள். தினமும் காலையில் இணையத்தில் படித்தவற்றில் நல்லதைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் தமிழும் இணைய முகவரியும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புவாள். மாத்தளை, கண்டி, கொழும்பு என்று எங்கெங்கோ நிரல் எழுதுபவர்களும் சொந்தமாகக் கம்பனி தொடங்கியவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவோம். நான் நூருன்னிஸா, கண்டியில் அவளுடன் ஒரே அலுவலகத்தில் இருந்தவள். அவளுடைய தமிழ்ப் பிடிவாதத்தால் என் உயிர் போகப் பார்த்த கதை இது.

2007ஆம் ஆண்டு, யுத்த காலம். மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். உக்குவளை தாண்டியதும் சோதனைச் சாவடி. அருந்ததியின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அப்பா அரசாங்க வேலையில் மாற்றலாகி வந்தவர். இவள் வளர்ந்ததெல்லாம் மாத்தளை டவுனில். அதை யார் கேட்டார்கள்? கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். பிழை திருத்துவதற்காக அச்செடுத்த அன்றைய மின்னஞ்சல் உள்ளே இருந்தது. எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் சிங்களவர். இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பக்கம் வேலை செய்தவர் என்பதால் தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்வார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

"சனிக்கிழமை கொழும்பில் ஏவுகிறோம். என்னத்த ஏவுறீங்க?"

யா அல்லாஹ்! இதைவிடச் சின்ன விஷயத்துக்கு உள்ளே போய் வெளியே வராதவர்களை எங்களுக்குத் தெரியும். நான் மனதுக்குள் ஓதத் தொடங்கினேன். அவளோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வெப்சைட் சார். பல்லேபொல ஊர்ல எங்க கூட்டாளி பலீல் செஞ்சது. மிளகு, கராம்பு விலையெல்லாம் அதுல பார்க்கலாம். லோஞ்ச் பண்றதத்தான் ஏவுறதுன்னு எழுதினேன்."

அவளிடம் நம்பரை வாங்கி இன்ஸ்பெக்டர் பலீலுக்குப் போன் போட்டார். அந்த மடையன் யார், எவர் என்றுகூடக் கேட்காமல், "ஆமா, சனிக்கிழமை ஏவுறோம், கட்டாயம் வாங்க!" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஏவுறதுன்னா ரொக்கட்டும்மா. போன வருஷம் கோயிலுக்குப் புதுத் தேர் செஞ்சு மொதல் தடவ இழுத்தாங்க. நான்தான் டியூட்டி. அதுக்கு வேற என்னமோ சொன்னாங்களே?"

"வெள்ளோட்டம்!" அருந்ததி துள்ளி எழுந்தாள். "அதான் சார் சரியான சொல்லு! எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

மேசையிலிருந்த அவருடைய பேனையையே எடுத்து, 'ஏவுகிறோம்' என்பதை அடித்துவிட்டு 'வெள்ளோட்டம்' என்று எழுதினாள்.

"ஏய், அது சாட்சிப் பொருள்!" என்று கத்தியவர் பிறகு தானே சிரித்துவிட்டார்.

போகலாம் என்று தாளை நீட்டினார். அதற்குள் தலைப்பு கண்ணில் பட, மறுபடி இழுத்துக்கொண்டார். 'இன்றைய தொடர்புகள்.' லிங்க் என்பதற்கு அவள் வைத்த சொல். அந்த நாட்களில் தமிழர்களுக்குத் தொடர்பு என்றால் ஒரே தொடர்புதான், புலிகளோடு.

"இதையும் மாத்துங்க. யாரோட தொடர்புன்னு கேப்பாங்க."

மாற்றித் தொலையடி என்று அவள் காலை மிதித்தேன்.

"அது பிழையில்ல சார்," என்றாள். "பிழையா இருந்தா மாத்தியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பேனையை மூடிவைத்தார். பிறகு தாளைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிடும்படி வெளியே நின்ற பொலிஸ்காரரிடம் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், நாலு வார்த்தை திட்டலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். என் கையைவிட அது அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.