முதுகில் ஏறிய பச்சை

நேற்று பெயிண்ட் கடையில் வெளிர்பச்சை அட்டையைக் காட்டி, "எவ்ளோ தேய்ச்சாலும் கையில ஒட்டாது சார்" என்றார் கடைக்காரர். எனக்கோ ஒட்டுகிற பச்சைதான் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில், திண்டிவனத்தில் நாங்கள் இருந்த வீட்டில், பொங்கலுக்கு முன்பு சுண்ணாம்பில் பச்சைப் பொடி கலந்து கூடத்துக்கு அடிப்பார்கள். காய்ந்ததும் வெள்ளரிப் பிஞ்சின் உட்புறம் போல இருக்கும். நிறம் நிற்க ஊரெல்லாம் அதில் வஜ்ஜிரம் சேர்ப்பார்கள். அது எலும்பில் காய்ச்சும் பசை, நாங்களோ ஜைனர்கள். "அத்த உள்ள கொண்டாராதப்பா, சோத்துக் கஞ்சிய ஊத்து, போதும்" என்பார் அப்பா, வெள்ளையடிக்க வந்தவரிடம்.

கஞ்சிக்கு அவ்வளவு பலம் ஏது? விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடும் அப்பா, பள்ளிக்குக் கிளம்பும் நான், அக்காவைப் பெண் பார்க்க வந்து அசந்து சாய்ந்துவிட்ட பெரியவர் என்று எல்லோர் முதுகிலும் பச்சை ஏறிவிட, அம்மா வாசற்படியில் மறித்து, "இருங்க, இப்டியே போய்க்கினு இருந்தா ஊரு சிரிக்கும்" என்று தட்டித் தட்டித்தான் அனுப்புவாள்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த வீடு போய்விட்டது. இப்போது அம்மா என்னோடு அடுக்குமாடியில் இருக்கிறாள். இங்கே எந்தச் சுவரும் ஒட்டுவதில்லை. ஆனாலும் நான் ஆபீஸ் கிளம்பும்போது முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள்.

நானும் செருப்பு மாட்டும் சாக்கில், அவள் பார்க்கும்படி, ஒரு நொடி சுவரில் சாய்ந்துகொள்கிறேன்.