பின்சீட்டின் இடது ஓரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் காரின் பின்சீட்டில் முதன்முறையாக உட்கார்ந்தேன்.

சிரிக்காதீர்கள். கார் வாங்கி ஒன்பது வருடமாகிறது. நான் ஓட்டுவேன். பக்கத்தில் ஆம்பளைகள் யாராவது ஏறிக்கொள்வார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? சொந்தக் காரின் பின்சீட்டில் நீங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்... கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே வேகத்தடை வந்தால் முன்பக்கம் ‘கடக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், முன்சக்கரங்களின் ஸ்ட்ரட் இரண்டும் — ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண் மாதிரி இருக்குமே, அது — ஆயில் கசிந்து, புழுதி அப்பிக் கிடந்தன. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இழுத்தடிப்பார்கள். நாமே மாற்றினால் என்ன? வீடியோ பார்த்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே ஒருவர் கழற்றி மாட்டிவிட்டுக் கையைத் துடைக்கிறார். ஆசை யாரை விட்டது?

திண்டுக்கல் பேகம்பூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ரஃபீக்கிடம் போனேன். கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் பாடு, ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள், தெறித்தால் ஆளையே அடித்துவிடும், முழுசாகக் கொண்டு வாருங்கள், மெஷினில் அமுக்கி மாற்றித் தருகிறேன் என்றார். அப்புறம் கேட்டார்.

“பின்னாடி ஷாக்கையும் ஜோடியா மாத்திருங்கண்ணே. அதுக்கும் அதே வயசுதானே?”

“பின்னாடி நல்லாத்தான் இருக்கு ரஃபீக்.”

“யாரு சொன்னா?”

“நான்தானே ஓட்டுறேன்.”

மனுஷன் வியாபாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முன்பக்கத்துக்கு மட்டும் வாங்கி வந்தேன்.

வீடியோவில் வந்தவருக்குத் துருப்பிடித்த போல்ட்டே கிடையாது போலிருக்கிறது. எனக்கு வாய்த்தது எல்லாமே துரு. ஆயில் ஊற்றி, ஊறவைத்து, ஸ்பானரில் பைப்பைச் சொருகித் தொங்கி... என் மனைவி செல்வி டார்ச் அடித்தபடி, போல்ட் கழன்றுவிடும், நீங்கள் கழன்றுவிடாமல் இருந்தால் சரி என்றாள். ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரையும் போனது. ஆனாலும் முடித்துவிட்டேன். அந்தப் பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஓட்டிப் பார்த்தால், முன்பக்கம் சத்தம் போயே போச்சு. ஆனால் பின்னால் எங்கேயோ மெலிதாக ஒரு ‘லொடக்’. செல்விக்கும் ஓட்டத் தெரியும். நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன் என்றேன். காந்திகிராமம் வரை போனோம். சத்தம் இடது பக்கம்தான் என்பதால் இடது ஓரத்தில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தேன்.

முதல் வேகத்தடையிலேயே தூக்கிப் போட்டது. தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. அடுத்த பள்ளத்தில் முதுகுத்தண்டின் அடியில் சுளீர் என்றது. வண்டி ஒருமுறை குதித்தால் நிற்கவும் மாட்டேன் என்கிறது. எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி... செல்வியிடம், என்ன இப்படி ஓட்டுகிறாய் என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“நான் மெதுவாத்தாங்க ஓட்டுறேன். இம்புட்டு நாளா நாங்க இப்படித்தான் வாரோம்.”

அப்போதுதான் தலையணை ஞாபகம் வந்தது.

என் அக்கா ஒட்டன்சத்திரம் தாண்டிக் கீரனூரில் வாழ்க்கைப்பட்டவள். மல்லிகைத் தோட்டம். அவள் வைத்து, அவள் வளர்த்து, அவளே விடியுமுன் பறித்து அனுப்புகிற பூ. குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு திண்டுக்கல்லில் காட்டினோம். வாரம் ஒருநாள் பிசியோதெரபிக்கு வரவேண்டும், நடுவில் விடக்கூடாது, விட்டால் அப்புறம் குனிய முடியாது என்றார் டாக்டர். தம்பி கார் வைத்திருக்கும்போது அக்கா பஸ்ஸில் வருவதா? நானே போய்க் கூட்டிவந்து, நானே கொண்டுபோய் விட்டேன். துணைக்கு வரும் மச்சான் முன்சீட்டில். அக்கா பின்னால், இடது ஓரம். வரும்போதெல்லாம் ஒரு தலையணை கொண்டு வருவாள். கார் சீட்டே மெத்தை மாதிரி இருக்கே, அப்புறம் இது எதுக்கு என்று கிண்டல் செய்வேன். மச்சானும் சேர்ந்து சிரிப்பார்.

ஐந்தாறு வாரம் வந்தாள். அப்புறம், சரியாகிவிட்டது என்று நின்றுவிட்டாள். சரியாகவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டில், சொந்தபந்தம் எல்லாம் இருக்க, உன் உடம்பு மேல் உனக்கே அக்கறை இல்லாதபோது நான் எதற்கு நாயாக அலைய வேண்டும் என்று கத்தினேன். அவள் பந்திக்கு இலை போடப் போய்விட்டாள். போன வருடம் மல்லிகையைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்தார்கள். தென்னைக்குக் குனிய வேண்டாமே.

மறுநாளே ரஃபீக்கிடம் போனேன். அவர் ஜோடியாகவே எடுத்துக் கொடுத்தார். பின்பக்க ஷாக்கைக் கழற்றுவது சுலபம். கழற்றியதை நிறுத்திவைத்துக் கையால் அமுக்கினேன். வெண்ணெயில் விரலை விட்டது போல் இறங்கிப் போனது, திரும்பி எழவேயில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கார் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கீரனூர் போனேன். மல்லிகை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தென்னங்கன்றுகள். அக்கா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல், வண்டி தூக்கிப் போட்டதால்தான் வருவதை நிறுத்தினாயா என்று கேட்டேன்.

“நீ அம்புட்டு தூரத்துல இருந்து ஆசையா வண்டி கொண்டுக்கிட்டு வருவ. அதைப் போயி எப்படிடா குறை சொல்றது?”

செத்த நேரம் காய் ஆய்ந்தாள். பிறகு நிமிராமலேயே சொன்னாள்.

“பஸ்ஸுன்னா நின்னுக்கிட்டாவது வந்திருப்பேன்.”

அவள் காரில் போய் இறங்கும்போது வலி கூடியிருக்கும். சிகிச்சையில் கொஞ்சம் குறையும். திரும்பி வரும்போது குறைந்ததும் போய்விடும். இதைத்தான் நான் வாராவாரம் பாசத்தோடு செய்திருக்கிறேன். ஷாக்கைப் பிடித்துத் திட்டி என்ன பிரயோஜனம்? இத்தனை வாரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், நீ முன்னால் வந்து உட்காருக்கா என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லையே.

மறுபடி டாக்டரிடம் போகலாம் என்று மன்றாடிக் கிளப்பினேன். முன்புபோல் குனிய முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்தாலும் குனிந்து பறிக்க அங்கே பூ இல்லை. அதுவும் தெரிந்துதான் கூப்பிட்டேன்.

மச்சான் வழக்கம்போல முன் கதவைத் திறந்தார். அவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் உட்கார்ந்தார். அக்கா முன்சீட்டில் ஏறவே கூச்சப்பட்டாள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை ஒடுக்கிக்கொண்டு, சீட்டின் நுனியில் இருந்தாள். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போதுதான் நன்றாகச் சாய்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே ரோடு முழுசும் தெரிவதைப் பார்த்துக்கொண்டே வந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

“ஏன்டா தம்பி... முன்னாடி உக்காந்தா இப்படித்தான் இருக்குமா?”

புது ஷாக் போட்டிருக்கேன்ல அக்கா, அதான் என்றேன்.

பாதிப் பொய்.