வெள்ளிமலைக்கு வருகிறவர்களுக்கு

கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தமிழ்ச்செல்விக்குத் திங்கட்கிழமைகளில் காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடும். அன்று மனு வாங்கும் நாள். சங்கராபுரம், ரிஷிவந்தியம், மலைமேல் ஊர்கள் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அவரிடம்தான் மனு அடித்துக்கொள்வார்கள். மனு ஒரு பக்கம் இருக்கும். அதைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சொல்லும் வழி அதைவிட நீளமாக இருக்கும்.

“கேட்டுக்குள்ள போனதும் நேரா மாடிக்கு ஏறிடாதீங்க. எடது கை பக்கம் வேப்பமரம் இருக்குது பாருங்க, அங்க நம்பர் போட்டுத் தராங்க. அத்த வாங்கினு அப்புறமா வரிசையில நில்லுங்க. பதினோரு மணிக்கு மேல வெயில் ஜாஸ்தி. அம்மாவ பெஞ்சுல குந்த வெச்சுட்டு நீங்க நில்லுங்க.”

ஒருவர் விடாமல் சொல்வார். பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தாலும் நிறுத்தியதில்லை. தெரியாத ஊரில் வழி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் செல்வி பத்தொன்பது வயதில் கடலூரில் தெரிந்துகொண்டவர்.

அவருடைய அப்பா கொளஞ்சியப்பன் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஊரார் நிலத்தில் கரும்பு வெட்டியவர். மகளை டைப்ரைட்டிங் படிக்கவைத்தார். அதில் ஹையர் தேர்வு பாஸ் செய்த வருஷமே கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. கதவு எண்ணும் தெருப் பெயரும் போட்டு, கீழே கடலூர் என்று இருந்தது. அப்பாவும் மகளும் விடியற்காலையில் கிளம்பிப் பஸ் நிலையத்தில் இறங்கி, அந்தத் தெருவைத் தேடித் தேடி நடந்தார்கள். பழைய துறைமுகம் இருக்கும் முதுநகர் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், கடலூர் என்றால் இரண்டு ஊர் என்றும் ஒரு பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் நல்ல மனுஷன். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார். அந்தக் கடிதத்தில் ‘முதுநகர்’ என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் போதும் என்று செல்வி பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கல்யாணம் ஆனது. கணவர் கவியரசன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறார். மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் வந்ததும் செல்வி கடை போட்டார். சிரமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஜனவரி கடைசியில் கல்லூரி ஆசிரியர் அன்புச்செல்வன் ஒரு பென் டிரைவோடு கடைக்கு வந்தார். சிறுதானியங்களைப் பற்றி இரண்டு நாள் மாநாடு. முதல் நாள் கள்ளக்குறிச்சியில், இரண்டாம் நாள் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில். நூற்றிருபது பேர் வருகிறார்கள்.

“அக்கா, இது போன வருஷம் நாகப்பட்டினத்துல நடந்தப்ப போட்ட கையேடு. ஊர் பேர மாத்தி ரெடி பண்ணிட்டோம். நீங்க லைன் மட்டும் ஒழுங்கு பண்ணி எரநூறு காப்பி போட்டுக் குடுங்க” என்றார்.

அவர் போன பிறகு செல்வி கோப்பைத் திறந்து ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. ‘மாலை வேளைகளில் வெள்ளிமலைக் கடற்கரையில் காலார நடக்கலாம்’ என்று இருந்தது. அதற்கடுத்த வரியில், துறைமுகத்திலிருந்து விடுதிக்கு ஆட்டோ வசதி உண்டு. கலங்கரை விளக்கத்தைப் பார்க்க மூன்று மணிக்கு மேல் அனுமதி உண்டு. செல்வி அன்புச்செல்வனுக்குப் போன் போட்டார்.

“சார், வெள்ளிமலையில கடல் எந்தப் பக்கம் சார் இருக்குது?”

அவர் சிரித்துவிட்டார். “அந்த வரிய எடுத்துடுங்க அக்கா.”

“எடுத்துடலாம் சார். எடுத்தா அந்தப் பக்கத்துல ஒண்ணும் மிச்சம் இல்ல. வரவங்கள்ல எத்தினி பேரு வெளி மாநிலம்?”

“நாப்பது பேர் இருப்பாங்க. முக்காவாசி வயசானவங்க.”

“அவங்க சின்னசேலத்துல ரயில் எறங்குவாங்க இல்லியா? எறங்கி எந்தப் பக்கம் வெளிய வரணும்னு இதுல இல்ல. மலை பஸ் டைமு போட்டுருக்கீங்க, அதுல ரெண்டு பஸ்ஸு இப்ப ஓடறதே இல்ல.”

“கமிட்டியில எல்லாரும் பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சு அக்கா” என்றார் அன்புச்செல்வன்.

“நாலு நாள் டைம் குடுங்க சார். நான் ஒண்ணு எழுதித் தரேன். வேணான்னா கிழிச்சுப் போட்டுடுங்க.”

அவர் சரி என்றார். முழு மனதோடு சொன்ன மாதிரி இல்லை. ஆனாலும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி கடையை மூடிவிட்டுக் கிளம்பினார். கவியரசன் ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் நின்றிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அதுக்கு நீ எதுக்கு மலை ஏறணும்? போன்ல கேட்டா சொல்ல மாட்டாங்களா?” என்றார்.

“போன்ல கேட்டா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. போய்ப் பாத்தாதான் பூட்டு தொங்கறது தெரியும்.”

முதலில் சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் போனார். பிளாட்பாரத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, பஸ் எங்கே நிற்கும், காலையில் முதலில் திறக்கும் டீக்கடை எது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். திரும்பி வந்து கச்சிராயப்பாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். போனில் சிக்னல் எந்த வளைவில் போகிறது, எந்த ஊரில் திரும்ப வருகிறது என்று பார்த்தபடியே இருந்தார். பின்சீட்டில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். செல்வி கண்டக்டரிடம் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தலை சுற்றாது என்று கேட்டார். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, பரீட்சைக்கா படிக்கறீங்க? முன்னாடி மூணாவது சீட்டுக்குள்ள குந்துனா ஒண்ணும் ஆவாது. எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில வெச்சிக்கினா போதும்” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிமலையில் கூட்டம் நடக்கவிருந்த மண்டபத்துக்குப் பின்னால் மூன்று கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஒன்று பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று விசாரித்துக்கொண்டே போனபோதுதான் பாப்பாத்தியின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். பாப்பாத்தி மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கொஞ்சம் நிலத்தில் சாமை போடுகிறார், ரோட்டோரம் கூரைக் கடையில் சமைத்துப் போடுகிறார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்துக் கொடுத்தார். செல்வி சாப்பிட்டுக்கொண்டே மாநாட்டைப் பற்றிச் சொன்னார்.

“சாமையப் பத்தி ரெண்டு நாளு பேசப் போறாங்களா? அப்பிடி இன்னா இருக்குது பேச?” என்று கேட்டார் பாப்பாத்தி.

“தெரியலக்கா. உங்க கடைய எழுதட்டுமா? வந்து சாப்புடுவாங்க.”

“எழுதேன். ஆனா திடீர்னு நூறு பேரு வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? காலையில ஒம்போது மணிக்குள்ள எத்தினி பேருன்னு சொல்லிடணும்னு எழுது. அப்புறம் இன்னொண்ணு. போன மாசம் ஒரு கும்பல் போட்டோ எடுக்க வந்துச்சு. சாமை அடிக்கற களத்துல செருப்புக் காலோட ஏறி நின்னுக்கினு இருந்தாங்க. திங்கற தானியம்மா அது. நாங்க கேட்டா, தெரியாதுன்னு சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாதுதான். யாரு சொன்னாங்க?”

“நான் எழுதறேன்” என்றார் செல்வி.

சாவி பாப்பாத்தியின் மருமகளிடமே இருந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே சுத்தமாகவே இருந்தது. சாயங்காலம் கீழே இறங்கக் காத்திருந்தால், கடைசி பஸ் கால் மணி நேரம் முன்னாடியே போய்விட்டதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தானாம். மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று கீழே போய்க்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார். மூட்டை வாசனையும் மலைக்காற்றுமாக இறங்கி வந்ததில் செல்விக்கு அலுப்பே தெரியவில்லை. இப்படித் தனியாக ஊர் சுற்றி எவ்வளவு நாளாகிவிட்டது என்றுதான் தோன்றியது.

மறுநாள் மனுக்களுக்கு நடுவில் எழுத ஆரம்பித்து புதன்கிழமை முடித்தார். மொத்தம் நான்கு பக்கம். ஒரே தாளை இரண்டாக மடித்து, மேலும் ஒரு மடிப்பு மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். மொழிநடை கலெக்டருக்கு எழுதும் மனு மாதிரி இல்லாமல், கடைவாசலில் நின்று சொல்கிற மாதிரி இருந்தது.

‘ரயிலை விட்டு இறங்கியதும் அவசரப்பட வேண்டாம். படி ஏறி இடது பக்கம் வந்தால் ரோடு. எதிரே டீக்கடை காலை நாலரைக்குத் திறந்துவிடும். முதல் பஸ் வரும்வரை அங்கேயே உட்காரலாம். மலைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குப் போன் பேசிவிடுங்கள். பாதி மலையில் சிக்னல் போய்விடும். காணோம் என்று அவர்கள் பயப்படக் கூடாது. காலையில் பனி இருக்கும், சால்வை தேவைப்படும். களத்தில் தானியம் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். யாரையும் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.’

கடைசிப் பக்கத்தின் அடியில் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் தமிழில் மட்டும் மூன்று வரி போட்டிருந்தார். ‘நான் வெள்ளிமலை மாநாட்டுக்கு வந்திருக்கிறேன். எனக்குத் தமிழ் தெரியாது. தயவுசெய்து என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.’ பக்கத்தில் ஆங்கிலத்தில், வழி தவறினால் இந்த வரிகளை யாரிடமாவது காட்டுங்கள் என்று அன்புச்செல்வன் சேர்த்தார். மற்ற பக்கங்களையும் அவரே ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.

மாநாட்டுக் கமிட்டித் தலைவர் கண்ணாயிரம், விவசாய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாதாம்மா இருக்குது. ஆனா மொத பக்கத்துலயே கக்கூஸ் வருதே.”

“வரவங்க மொதல்ல தேடறது அதத்தானுங்களே ஐயா” என்றார் செல்வி.

கண்ணாயிரம் யோசித்தார். வழவழப்புத் தாளில் பழைய கையேடும் இருக்கட்டும், கடலை மட்டும் எடுத்துவிடுங்கள், இந்தத் தாளையும் கூட வையுங்கள் என்று முடிவானது.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலையில் ஆறு வேன்கள் மலைக்குக் கிளம்பின. வந்தவர்களுக்கு உதவியாக இருக்கச் சொல்லி அன்புச்செல்வன் செல்வியையும் கூப்பிட்டிருந்தார். கச்சிராயப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். வெள்ளிமலையில் இறங்கி ஆள் எண்ணும்போதுதான் தார்வாடிலிருந்து வந்த ஒரு பெரியவரைக் காணவில்லை என்று தெரிந்தது. எழுபத்தாறு வயது. ஒவ்வொரு வேனிலும் அவர் அடுத்த வேனில் வருவதாக நினைத்திருந்தார்கள். அவருடைய பையும் பைக்குள் போனும் வேனிலேயே இருந்தன. ஒரு வேனைத் திருப்பிக் கீழே அனுப்பலாம் என்று டிரைவரைத் தேடினார்கள்.

“கொஞ்சம் இருங்க சார். பத்து மணி பஸ்ஸு வர நேரம்தான். அது வரட்டும், அப்புறம் வேன விடுங்க” என்றார் செல்வி. சொன்னாரே ஒழிய அவரும் ரோட்டு வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பனியில் ரோடு நூறடிக்கு மேல் தெரியவில்லை.

பஸ் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பெரியவர் இறங்கினார். கையில் எலுமிச்சம்பழம். கண்டக்டர் அவர் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டுச் செல்வியைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே ஆள்தான்.

“மாத்தர வாங்கப் போயிருக்காரு, அதுக்குள்ள வண்டிங்க கெளம்பிடுச்சு. டீக்கடைல இந்தத் தாளக் காட்டியிருக்காரு. கடைக்காரரே கூட்டினு வந்து ஏத்திவுட்டாரு” என்றார்.

பெரியவருக்குக் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. பஸ்ஸில் எல்லோரும் தன்னோடு பேசினார்கள் என்றும், தனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வேனைவிட நன்றாக இருந்தது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். தாளை யார் எழுதியது என்று கேட்டார். அன்புச்செல்வன் செல்வியைக் காட்டினார். பெரியவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கை கூப்பினார். செல்வியும் கூப்பினார். அதற்கு மேல் இருவருக்கும் பேச மொழி இல்லை. பக்கத்தில் நின்று சிரித்தார்கள்.

மத்தியானம் பாப்பாத்தி கடையில் எண்பது பேர் சாப்பிட்டார்கள். காலை எட்டரைக்கே எண்ணிக்கை சொல்லியாகிவிட்டதால் சோறு குறையவில்லை. களத்தோரம் முப்பது ஜோடி செருப்பு வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு பாப்பாத்தி, “படிச்சவங்க இல்ல? சொன்னா கேட்டுக்கறாங்க” என்றார்.

அதற்குப் பிறகு செல்வியைத் தேடி இந்த மாதிரி வேலைகள் வருகின்றன. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கோயில் குடமுழுக்குக்கு எழுதிக் கொடுத்தார். திருவண்ணாமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த கல்யாணம் ஒன்றுக்கும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருக்கிறார். அதை விட்டுக் கொடுப்பதில்லை.

இந்த மாதம் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு விவசாயிகள் கூட்டம். கவியரசன் டிராக்டரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் பஸ்ஸில்தானே வருவார்கள் என்று சொல்லிவிட்டு, தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார்.