நீல நோட்டு, சிவப்பு நோட்டு

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் ஷம்ஷாத் காலை ஏழு மணிக்குத் தம்பியின் சட்டைக் காலரில் அத்தர் தடவுகிறார். இடது பக்கம் ஒரு தீற்று, வலது பக்கம் ஒரு தீற்று. பிறகு அவன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு கிராம்பைக் கையில் கொடுக்கிறார். "மென்னுகினே இரு. முழுங்கிடாதே." ராஷித் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு வயது முப்பத்தாறு.

பூந்தமல்லியில் எங்கள் தெருவில் புடவைக்கு ஃபால் அடித்துக் கொடுப்பவர் ஷம்ஷாத். என் புடவைகள் எல்லாமே அவர் கைபட்டவை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தையல் வெளியே தெரியாது. "உள்ள இன்னா கீதுன்னு வெளிய தெரிஞ்சா அது இன்னாக்கா தையலு?" என்பார். பேசும்போது ஊசி உதட்டில் இருக்கும். அதை எடுக்காமலே பேசுவார், எனக்குத்தான் பக்கென்றிருக்கும். பயம் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் தையலைப் பிரித்து மறுபடி அடிப்பார். போன மாதம் என் புடவை ஒன்றுக்கே மூன்று தடவை ஃபால் அடித்தார்.

மிஞ்சிய ஃபால் துணியில் அட்டை போட்ட இரண்டு நோட்டுகள் அவரிடம் உண்டு. நீல நோட்டு மனநலப் பிரிவுக்கு. ராஷித்துக்குக் காதில் குரல்கள் கேட்பது, தூங்காமல் கிடப்பது, எழுதிக் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் அதில் இருக்கும். குடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. சிவப்பு நோட்டு குடியை நிறுத்த வைக்கும் பிரிவுக்கு. எத்தனை நாள் நிறுத்தினான், எந்த நாள் மறுபடி ஆரம்பித்தான் என்பதெல்லாம் அதில். குரல்களைப் பற்றி அதில் மூச்சே இல்லை. நீலம் கைப்பையில் போகும். சிவப்பு நோட்டு, கூடவே தூக்கிப்போகும் ஃபால் துணி மூட்டைக்குள் அடியில். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது தலைகாட்டாது.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மனநலப் பிரிவில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார்களாம். குடிப் பிரிவு வேறொரு ஆஸ்பத்திரியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கேயும் உள்ளதைச் சொன்னார். முதலில் மனநோய்க்குப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்களாம். இப்படி இரண்டு 'முதலில்'களுக்கு நடுவே மூன்று மாதம் அலைந்தார். அதற்குள் ராஷித் ஒரு நாள் அயனம்பாக்கம் ஏரிக்குள் இறங்கி நடந்துவிட்டான். மீன் பிடித்துக்கொண்டிருந்த யாரோ இழுத்துப் போட்டார்கள். அந்த வாரம்தான் ஷம்ஷாத் இரண்டு நோட்டுகள் வாங்கினார்.

"மனசுக்கு ஒரு டாக்டராம், குடிக்கு ஒரு டாக்டராம். ஆளு ஒருத்தன்தானேக்கா கீறான்."

ராஷித் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். மிஷின் நின்ற பிறகும் அவனுக்குச் சத்தம் கேட்டது, அப்புறம் அந்தச் சத்தம் பேசத் தொடங்கியது. "அவனுங்க ஓயாம பேசிகினே இருப்பானுங்கக்கா. ஊத்திக்கினா கொஞ்சம் அடங்குவானுங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. அக்கா சொல்ல விடுவதில்லை.

இந்த மாதம்தான் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் செவ்வாய்தோறும் இரண்டுக்கும் ஒரே அறையில், ஒரே மேஜையில் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் ஆக்னஸ் இரண்டு தடவை போன் செய்து, எல்லாச் சீட்டும் கொண்டு வரச் சொன்னார். ஷம்ஷாத்துக்கு நம்பிக்கை இல்லை. "இப்டித்தான் ஆசையா கேப்பாங்க. சொன்னதும் கதவ சாத்துவாங்க." துணைக்கு என்னையும் அழைத்தார். ஷேர் ஆட்டோவில் வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் நான்கு தடவை தம்பியை முகர்ந்து பார்த்தார். அத்தரையும் கிராம்பையும் மீறி எனக்கே வாடை தெரிந்தது. காலையிலேயே குடித்திருக்கிறான்.

டாக்டர் நிர்மல் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். நீல நோட்டைப் புரட்டினார். நான்கு நாளாகத் தூக்கமே இல்லை என்று ஷம்ஷாத் சொன்னதும், "இப்பவே ஒரு ஊசி போட்டு இங்கயே தூங்க வெச்சிடலாம்மா" என்றார். "காலையில ஏதாவது குடிச்சாரா?"

"இல்ல சார்." கேள்வி முடியுமுன் ஷம்ஷாத்திடமிருந்து பதில் வந்துவிட்டது.

ஆக்னஸ் மருந்துக் குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார். ராஷித் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வாயில் கிராம்பு. டாக்டர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடிச்சிருந்தா இந்த ஊசி ஆகாதும்மா. மூச்சு அடங்கிடும். அதுக்குத்தான் கேட்டேன். குடிச்சிருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம், வேற விதமா பாப்போம்."

நானே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். ஷம்ஷாத் என்னைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தார், தம்பியின் கையைப் பார்த்தார், அறையின் கதவைப் பார்த்தார். ஆக்னஸ் பஞ்சை எடுத்து ராஷித்தின் தோளில் துடைத்தார்.

"சிஸ்டர், இரும்மா" என்றார் ஷம்ஷாத். ஆக்னஸின் கை நின்றது. ஷம்ஷாத் மடியிலிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். எந்நேரமும் ஊசி பிடிக்கிற விரல்கள் அந்த முடிச்சில் இரண்டு தடவை வழுக்கின. ஃபால் துணிகளுக்கு அடியிலிருந்து சிவப்பு நோட்டை எடுத்து, மேஜையில் நீல நோட்டின் மேல் வைத்தார். வைத்தாரே தவிர, கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

டாக்டர் நோட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். நோட்டோடு ஷம்ஷாத்தின் கையும் மேஜை மேல் கூடவே போனது.