பிள்ளைக்காம்பராவில் என் சீசர்

என் பர்மீஸ் பூனை சீசர் என்னைத் தவிர எவரிடமும் ஒட்டமாட்டான் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன்.

இன்று கோயிலில் காலைப் பூசை சீக்கிரம் முடிந்தது. வீடு திரும்பினால் அவனைக் காணவில்லை.

பதறித் தேடினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், ஒரு கைக்குழந்தையின் காலடியில் உறங்கிக்கொண்டிருந்தான்!



குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி சிரித்தாள். "இவருதான் எங்க கங்காணி, டீச்சர். ஒவ்வொரு தொட்டிலா எட்டிப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. நீங்க வர்றதுக்குள்ள போயிருவாரு. ரெண்டு வருசமா நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சோம்."

"பூனைமுடி குழந்தைகளுக்கு ஆகாது" என்றேன்.

"அவரு வராட்டி புள்ளைக தூங்காதுங்க, டீச்சர்."

நாளை கதவைத் தாழிடவா? சீசரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் பதில் எனக்குத் தெரியும்.