திங்கட்கிழமை காலியாகக் கிடந்த மெஷின்

செங்கல்பட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் வார்டு ஆளாக இருந்தேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிரிவு மாடியில் இருந்தது. மூன்றே மெஷின்கள். ஒருவர் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். காலை, மத்தியானம், சாயந்திரம் என்று நாளைக்கு மூன்று முறை. ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள். அதில் எத்தனை பேரை அடக்க முடியுமோ அத்தனை பேர்தான். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். குணமாகிப் போகிறவர்களின் இடம் கிடைக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். குணமாகிப் போனவரை நான் பார்த்ததில்லை. ஒருவர் இறந்தால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எடை பார்ப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, விரிப்பு மாற்றுவது, ரத்தம் சிந்தினால் துடைப்பது என் வேலை. பேச வேண்டிய வேலை இல்லை என்பதால்தான் அங்கே நிலைத்தேன்.

ஆரம்பத்தில் முறை போடுவதெல்லாம் சிஸ்டரின் பென்சில்தான். பெரிய அட்டையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பெயர். யாராவது இறந்துவிட்டால் அந்தப் பெயரை அவர் உடனே அழிக்க மாட்டார். இறந்தவரின் அடுத்த ஒரு முறைக்கு அந்த மெஷினில் யாரும் படுப்பதில்லை. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நோயாளிகளே அதை வழக்கமாக வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தவர்கள். இறந்தவர் வீட்டிலிருந்து தலையணையும் போர்வையும் எடுத்துப்போக யாராவது வருவார்கள். வரும்போது அந்தப் படுக்கை காலியாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை.

பென்சிலில் வேறொரு தப்பு இருந்தது. கீழே ஆபீசிலிருந்து சீட்டு வரும். சீட்டில் இருக்கும் பெயர் காத்திருப்பவர்களைத் தாண்டி உள்ளே போய்விடும். சிஸ்டர் ஒன்றும் சொல்ல முடியாது. அழித்து எழுதுவார். அட்டையில் சில கட்டங்கள் அழித்து அழித்தே கறுத்துக் கிடந்தன.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து அதில் முறை போடும் கணக்கை ஏற்றினார். காத்திருப்பவரின் ரத்த ரிப்போர்ட்டையும் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார் என்பதையும் போட்டால், யார் முதலில் என்று அதுவே வரிசை கட்டும். மெஷின் சும்மா இருக்கும் நேரம் ஒன்றும் இல்லாமல் அதுவே நிரப்பும். யார் சிபாரிசையும் அது கேட்காது. வந்தவர் அதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

சிஸ்டருக்கு ஊசி குத்தவே நேரம் போதாது என்பதால் வருகை பதிவதை என்னிடம் விட்டார்கள். மூன்று பொத்தான்தான். ஒரு காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டினார்கள். 1 வந்தார். 2 வரவில்லை. 3 இறந்தார். இரண்டை அழுத்தினால் அந்த முறை மட்டும் காலி, இடம் அவருடையதாகவே இருக்கும். மூன்றை அழுத்தினால் இடம் அந்த நிமிடமே வரிசையில் முதல் ஆளுக்குப் போகும். பெயரும் போன் நம்பரும் பிரிண்டரில் வரும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு முதலில் இறந்தவர் வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி ஒருவர். காலையில் செய்தி வந்தது, மூன்றை அழுத்தினேன், மத்தியானம் புது ஆள் படுத்துவிட்டார். மறுநாள் அல்ல, அன்றைக்கே அவருடைய மனைவி போர்வையை எடுக்க வந்தார். வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு அவர் ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கதவருகில் நின்று படுக்கையைப் பார்த்தார். "சூடு கூட ஆறலியே" என்றார். யாரையும் திட்டவில்லை. போர்வையை வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.

பக்கத்து மெஷினில் படுத்திருந்த பாய் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவளத்துக்காரர். படகு என்ஜின் பழுது பார்த்தவர். அங்கிருந்து பஸ் மாறி வருவார். படுத்த உடனே மெஷினின் பம்பு சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "இன்னிக்கு தொண்ட கட்டிகினு கீதுபா இதுக்கு" என்பார். எனக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து தருவார். உப்பு அவருக்கு ஆகாது என்பதால் வீட்டில் அது மிஞ்சுகிறது என்பார்.

அன்று என்னைக் கூப்பிட்டு, "எப்பா, நான் போனா ஒரே ஒரு வாட்டி இத சும்மா வுட்டுடு. எம் பொண்டாட்டி வந்தா இப்டி நிக்கக் கூடாது" என்றார்.

"இன்னா பாய், அதெல்லாம் பேசிகினு" என்றேன்.

"பேசாம? நீ வேற பேச மாட்ட, நானாவது பேசறேன்."

கருங்குழியிலிருந்து ஒருவர் அந்தச் சமயத்தில் வரத் தொடங்கினார். ஒரு அரிசி மில்லுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மனைவிதான் நோயாளி. முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் காத்துக் கிடந்து நாலைந்து முறை ரத்தம் சுத்தம் செய்திருந்தார்கள். ஊசி குத்துவதற்காகக் கையில் ஆபரேஷனும் செய்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் உறுமும். "வண்டி நியூட்ரல்ல நிக்கற மாதிரி கீது அண்ணாத்த, ஆனா கெளம்ப மாட்டேங்குது" என்று ஆட்டோக்காரர் சொல்லிச் சிரித்தார்.

சிபாரிசுக்கு அவருக்கு ஒருவரும் இல்லை. பென்சில் காலமாக இருந்தால் அவர் மனைவி பெயர் கடைசியிலேயே கிடந்திருக்கும். கம்ப்யூட்டர் அதை மேலே கொண்டுவந்தது. ஏழு, நாலு, இரண்டு, ஒன்று. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நெல்மூட்டை ஏற்றப் போகும் முன் மாடிக்கு வந்து நம்பர் கேட்டுவிட்டுப் போவார்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மேஜைக்கு எதிரே நின்றார்.

"நம்ப நம்பர் இன்னா அண்ணாத்த?"

"ஒண்ணு."

"போன வாரமும் ஒண்ணுதான். ஒண்ணுக்கு அப்பால ஒரு நம்பர் கண்டுபுடிக்கச் சொல்லுங்க அந்தப் பொட்டிய."

அப்போது போன் அடித்தது. பாயின் மகன். "அத்தா மௌத்தாயிட்டாரு. விடியக்காலைல. சிஸ்டராண்ட சொல்லிடுங்க." பாய் இறந்துவிட்டார். ம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பாயின் முறை திங்கள் மத்தியானம், வியாழன் மத்தியானம். அன்று திங்கள்தான். கருங்குழிக்காரர் எதிரிலேயே நிற்கிறார். வண்டி கீழே நிற்கிறது. மூன்றை அழுத்தியிருந்தால் பத்து மணிக்குள் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். மத்தியானம் அந்தப் பெண் படுத்திருப்பார்.

எனக்கு வேடந்தாங்கல் அம்மா கதவருகில் நின்றதுதான் கண்ணில் வந்தது. பாய் கேட்டதும் வந்தது. ஒரு முறைதானே, வியாழக்கிழமை இந்தப் பெண்ணுக்குத்தானே என்று கணக்குப் போட்டேன். நான் அப்படித்தான் நினைத்தேன், வேறெதுவும் நினைக்கவில்லை.

"வியாயக்கெயம வாங்க" என்றேன். "அவங்களயும் கூட்டிகினு வாங்க."

அவர் என்னையே பார்த்தார். "நெசமாவா அண்ணாத்த?"

"வாங்க."

அவர் மேஜைமேல் இருந்த என் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, படியில் வேகமாக இறங்கினார்.

மத்தியானம் சிஸ்டர், "பாய் வரலையா?" என்றார்.

"வர்ல சிஸ்டர்."

"போன் ஏதாவது?"

"இல்ல சிஸ்டர்."

இரண்டை அழுத்தினேன். மெஷினைத் துடைத்து, துவைத்த விரிப்பை எடுத்துப் படுக்கையில் விரித்தேன். மற்ற இரண்டு மெஷின்களும் ஓடின. மூன்றாவது மெஷினில் திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார் படுத்திருந்தார். நான் விரிப்பை நீவிவிடுவதைப் பார்த்தார். வராத ஆளுக்கு யாரும் விரிப்பு மாற்ற மாட்டார்கள். அவர் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, மெதுவாக, "எனக்கும் ஒரு வாட்டி உடுவியாப்பா?" என்று கேட்டார்.

சரி என்று தலையை ஆட்டினேன்.

நாலு மணி நேரம் அந்தப் படுக்கை வெறுமையாக இருந்தது. கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வந்த உடனே மூன்றை அழுத்தினேன். சிஸ்டரிடம் பாய் விஷயத்தை அன்றுதான் தெரிந்தது போல் சொன்னேன். பிரிண்டர் ஓடிக் கருங்குழிப் பெயர் வந்தது. நம்பர் அவர்கள் தெருப் பெட்டிக்கடையுடையது. சிஸ்டர் என்னையே போன் செய்யச் சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்கள், எதற்குப் போன் என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன்.

கடைக்காரர் எடுத்தார். பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணா? நேத்து சாயந்தரமே பூடுச்சே. இப்பதான் எடுக்கப் போறாங்க. மோளம் கேக்கல உனுக்கு?"

கேட்டது. போனிலேயே கேட்டது.

சிஸ்டர், "என்ன சொல்றாங்க?" என்றார். சொன்னேன். "ஐயோ" என்று நின்றார். பிறகு, "சரி, அடிச்சுடு. அடுத்த ஆளுக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும்" என்றார். காத்திருப்பவர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே மூன்றை அழுத்தினேன். பிரிண்டர் அடுத்த பெயரைக் கொடுத்தது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் கருங்குழிக்காரர் வந்தார். மீசை எடுத்திருந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ரத்தம் சுத்தம் செய்யும் பில்டரையும் டியூபையும் அந்தக் காலத்தில் நோயாளிகளே வாங்கிவர வேண்டும். வியாழக்கிழமைக்காக வாங்கியது. பிரிக்கவில்லை.

"யாருக்காச்சும் குடுங்க" என்று மேஜையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"செவ்வாக்கெயமையே மூச்சு வாங்குச்சி அண்ணாத்த. பக்கத்து வூட்ல எல்லாம் மெட்ராஸ் தூக்கினு போன்னாங்க. நாந்தான், நம்ப அண்ணாத்த வியாயக்கெயம வரச் சொல்லிக்கீறாரு, அங்க போனா திரும்பி வர ரெண்டு நாளு ஆவும், இந்த எடம் பூடும்னு சொன்னேன். புதங்கெயம தாங்கல. இங்கதான் எட்த்துகினு வந்தேன். பாலாத்துப் பாலத்து மேல வர சொல்ல பூட்டா."

நான் பெட்டியை என் பக்கம் இழுத்து வைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும். எடம் வியாயக்கெயமதான் காலியாச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க. உங்களுக்குத் திங்கக்கெயமையே எப்டித் தெரிஞ்சிது?"

அவர் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். குத்துமதிப்பாகச் சொன்னேன் என்றாலே நம்பியிருப்பார்.

"அவரு திங்கக்கெயம காலைலயே எறந்துட்டாரு" என்றேன். "நீங்க எதுர்ல நிக்க சொல்லதான் போன் வந்துது. எறந்தவருக்காக ஒரு வாட்டி சும்மா வுடறது எங்க வயக்கம். அதான் வுட்டேன்."

அவர் வார்டுப் பக்கம் திரும்பினார். அப்புறம், "சும்மாவா கெடந்திச்சி?" என்றார்.

"ஆமா."

"யாருமே படுக்கல?"

"இல்ல."

"அவங்க வூட்ல வந்து பாத்தாங்களா?"

"வர்ல."

எந்த மெஷின் என்று கேட்டார். காட்டினேன். அதில் யாரோ படுத்திருந்தார்கள். கதவுவரை போய் எட்டிப் பார்த்தார். மெஷினைப் பார்த்தாரா, படுத்தவரைப் பார்த்தாரா, தெரியவில்லை. என் பக்கம் திரும்பாமலே படி இறங்கிப் போனார். கீழே லோடு ஆட்டோ கிளம்பும் சத்தம் நெடு நேரம் கழித்துத்தான் கேட்டது.

அன்று சாயந்திரம் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், கீழே ஆபீசுக்கு எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். "நானும் எத்தனை வருஷம் அப்படி விட்டிருக்கேன்" என்றார். "எனக்கு அப்ப வெளியில நிக்கறவங்கள்ல அடுத்தது யாருன்னு தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருந்தது." ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அட்டைப்பெட்டியைப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தேன். பெட்டியின்மேல் பேனாவால் அந்தப் பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. "இது யாரு?" என்று அவர் கேட்டார். உங்களுக்கு முந்தின நம்பர் என்றேன்.

அதற்குப் பிறகு செய்தி வந்த நிமிடமே மூன்றை அழுத்திவிடுவேன். போனில் அழுகிறவர்கள் அழுது முடிப்பதற்குள் பிரிண்டர் ஓடிவிடும். "அவன் நாடி பாக்கறதுக்கு முன்னாடியே அமுக்கிடுவான்" என்று என்னைப் பற்றி நோயாளிகள் பேசிக்கொள்வது காதில் விழும். சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

மறு வருடம் வாத்தியார் இறந்தார். செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. மத்தியானம் அவர் படுக்கையில் மேல்மருவத்தூர் பக்கத்து ஆள் ஒருவர் படுத்திருந்தார். நாலு மணிக்கு வாத்தியாரின் மகன் தலையணை எடுக்க வந்து கதவருகில் நின்றார். தலையணையை முன்னமே உறை மாற்றி மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.